கணிப்பொறி வானத்து மேகங்கள்

1977-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், வானத்தை நிறைத்துப் பொங்கியெழும் மேகங்களைக் கண்டு பிரமித்த ரசிகர்களுள், அவை ஒரு தொட்டித் தண்ணீருக்குள் பிறந்தவை என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அடியில் உப்பு நீரும் அதன்மேல் நன்னீரும் கலவாமல் நிற்கும்படி நிரப்பி, வெள்ளை வர்ணத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தினால், அது கனத்த உப்பு நீருக்குள் இறங்கமாட்டாமல் பக்கவாட்டில் பரந்து சுருள்சுருளாக விரியும். டக்ளஸ் டிரம்புல் தலைமையில் இயங்கிய தந்திரக்காட்சிக் குழுவினர் அதைப் படம்பிடித்து வானமாக்கினார்கள். மனிதர் கையால் உண்டாக்கிய அந்த மேகத்துக்கு உருவம் கொடுத்தது இயற்கையின் விதியே. கணிப்பொறியில் மேகம் படைக்கப் புறப்பட்டவர்களோ, அந்த விதியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, வெளித்தோற்றத்தைப் பிடிப்பதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டார்கள்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. அக்காலத்துக் கணிப்பொறிச் சித்திரம் எந்தப் பொருளையும் மேற்பரப்பாகவே அறிந்திருந்தது. மேகத்துக்கோ மேற்பரப்பு என்பதே கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே விட்டமுள்ள கோடானுகோடி நீர்த்துளிகள் ஒளியை விழுங்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிதறடிப்பதனால்தான் மேகம் வெண்மையாய்த் தோன்றுகிறது. 1982-இல் ஜேம்ஸ் பிளின் சனிக்கிரக வளையங்களைச் சித்திரிக்கும் பொருட்டு ஆராய்ந்த ஒளிச்சிதறல் கணக்கு இத்துறைக்கு முதல் அஸ்திவாரமாயிற்று. 1984-இல் கஜியாவும் வான் ஹெர்சனும் மேகத்தை அடர்த்தி நிறைந்த கனவெளியாகவே பாவித்து, அதன் வளர்ச்சியையும் காற்றின் சமன்பாடுகளிலிருந்து பெற முயன்றார்கள். அந்நாளைய இயந்திரங்களுக்கு அது சக்திக்கு மீறிய சுமை.

ஆகையால், மறு ஆண்டிலேயே கிரம்மன் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்ட்னர், நீள்கோளங்களை அடுக்கி, அவற்றின் விளிம்புகளைக் கணித அலைகளால் ஒளி ஊடுருவும்படி கரைத்து, பஞ்சுப் பொதி போன்ற அழகிய மேகங்களைக் காட்டியபோது, அதுவே சுலபமான மார்க்கமாகத் தோன்றிற்று. அதே 1985-இல் கென் பெர்லின் வெளியிட்ட, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த 'நாய்ஸ்' என்னும் கணித உத்தி மேகச் சித்திரிப்பில் இன்றுவரை ஆட்சி புரிகிறது. 1997-இல் ஆஸ்கார் அகாதமி அதற்காக அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கிற்று. எனினும் இவ்வழிகளில் பிறந்த மேகங்கள் நகர்ந்தனவேயன்றி வளரவில்லை.

அக்குறை நீங்கிய விதம் மிகுந்த எளிமையுடையது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானியரான யோஷினோரி டோபாஷியும் அவருடைய சகாக்களும் வானத்தைச் சிறு அறைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அறைக்கும் மூன்று கேள்விகளை மட்டும் வைத்தார்கள்: ஈரம் உண்டா, மேகம் உண்டா, ஈரம் மேகமாக மாறும் தருணம் வந்துவிட்டதா? விடைகள் ஆம், இல்லை என்ற இரண்டே. அக்கம்பக்கத்து அறைகளின் நிலையைப் பார்த்து ஒவ்வோர் அறையும் தன் விடையை மாற்றிக்கொள்ளும். காற்று அவற்றை நகர்த்தும். சில அறைகளில் மேகம் தற்செயலாக அழியும். இத்தகைய எளிய விதிகளே, ஆயினும் திரையில் மேகம் திரண்டது, கலைந்தது, மறுபடியும் பிறந்தது. சுழலும் காற்றின் முழுச் சமன்பாட்டையும் கணிப்பொறி தடுமாறாமல் தீர்க்கும் வழியை அதற்கு முந்தைய ஆண்டில் யோஸ் ஸ்டாம் காட்டியிருந்தார் எனினும், குறைந்த சாதனத்தைக் கொண்டு மேகத்தின் ஜீவனைத் தொட்ட பெருமையை நான் டோபாஷி குழுவினருக்கே அளிப்பேன்.

பின்னர் வந்தவை பெரும்பாலும் வேகத்துக்கான பிரயத்தனங்கள். 'ஹொரைசன் ஸீரோ டான்' விளையாட்டுக்காக ஆண்ட்ரூ ஷ்னைடர் 2015-இல் விவரித்த முறை, ஒவ்வொரு பிரேமிலும் மேகத்தின் பதினாறில் ஒரு பங்குப் புள்ளிகளை மட்டும் புதிதாகக் கணக்கிடுகிறது. மேகம் போன்ற கனவெளிகளைச் சேமிக்க டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தில் கென் மியூசெத் உருவாக்கிய ஓப்பன்விடிபி என்னும் மென்பொருள், 2012-இல் அனைவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. இலவச மென்பொருளாகிய பிளெண்டரிலும் அது இன்று இருக்கிறது.