கரையோரச் செபத்தில் திருமறை: வடசென்னைக் கிறித்தவரின் தனிமன்றாட்டு மரபு

வடசென்னைக் கிறித்தவத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கோயில்களையும் பள்ளிகளையும் பற்றி எழுதினார்கள். வீட்டுக்குள் விளக்கேற்றி நடந்த மன்றாட்டு அவர்கள் ஏடுகளில் குறைவாகவே இடம்பெற்றது. கடவுளிடம் தனியே பேச ஒருவர் மறைநூலின் சொற்களை எவ்வழியாகப் பெற்றார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கத்தோலிக்கருக்குப் பாடம் செய்த மந்திரம், சீர்திருத்தச் சபையாருக்கு வேதப் புத்தகம் என்று பிரித்துச் சொல்வது நம்மிடையே வழக்கம். இக்கரையின் வரலாறு அப்பிரிவினையை ஏற்கவில்லை. இரு சாராரும் மறைநூலைக் கொண்டே மன்றாடினார்கள். இரு சாராரிடமும் அது முதலில் நினைவில்தான் குடியிருந்தது.

சென்னையில் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம் சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. அப்படகோட்டிகளில் கத்தோலிக்கர் பலர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தின் பெயரையே இராயபுரம் தாங்கி நிற்கிறது. புத்தகம் வாங்கிப் படிக்க வசதியற்ற அம்மக்களின் செபம் எங்கிருந்து வந்தது?

அதன் வேர் தெற்கே முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, உரக்கச் சொல்லச் சொல்லி மக்களுக்குப் பாடமாக்கினார். கற்ற பிள்ளைகள் வீட்டாருக்குக் கற்பித்தார்கள். 1545இல் அவர் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கினார். 1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அதே செபங்களை எழுத்தில் நிறுத்தியது.

இச்செபங்கள் பெரிதும் மறைநூலால் நெய்யப்பட்டவை. பரலோக மந்திரம் மத்தேயு 6ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. மரியன்னையை வாழ்த்தும் செபத்தின் முற்பகுதி லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து. காலை, நண்பகல், மாலை என மணியோசைக்குச் சொல்லும் திரிகால செபத்தில் லூக்காவும் யோவானும் நேரடியாகவே பேசுகிறார்கள். செபமாலையின் நூற்றைம்பது மணிகளோ துறவியர் ஓதிய 150 சங்கீதங்களுக்கு ஈடாக, எழுத்தறியாதோருக்காக ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கம். ஆகவே கட்டுமரத்திலோ படகிலோ செபமாலை சொன்னவரை மறைநூல் அறியாதவர் என்பது அநீதி. அவர் கையில் ஏடு இல்லை. வாயில் லூக்கா இருந்தார்.

மற்றோர் ஓடை தரங்கம்பாடியிலிருந்து வந்தது. 1706இல் அங்கு இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின்னால் ஹாலே நகரின் பக்தி இயக்கமும், அதற்கும் பின்னால் மார்ட்டின் லூதரும் நின்றார்கள். ஜெபிப்பது எப்படி என்று கேட்ட தம் நாவிதருக்காக லூதர் 1535இல் ஒரு சிறுநூல் எழுதினார். ஒரு கட்டளையை எடுத்துக்கொள், அதில் கற்பதைக் காண், நன்றி சொல், பிழையை அறிக்கையிடு, பிறகு வேண்டுதல் செய் என்பது அதன் வழி. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வாசிப்பு, தியானம், மன்றாட்டு, காட்சி என வகுத்த நான்கு படிகளோடு இதை ஒப்பிட்டால், பிரிந்துபோன இரு சபைகளும் தனிமன்றாட்டில் எவ்வளவு நெருங்கி நின்றன என்பது விளங்கும்.

சென்னையில் இம்மரபை ஊன்றியவர் 1742இல் வந்த மிஷனரி ஃபப்ரிசியஸ். 1758இன் இறுதியில் பிரெஞ்சுப் படை நகரை முற்றுகையிட்டபோது அவர் பணியாற்றிய வேப்பேரி சூறையாடப்பட்டது. அவர் எண்ணூருக்கும் அப்பால் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். 1761இல் பாண்டிச்சேரியில் கைப்பற்றப்பட்ட அச்சு இயந்திரம் அவரிடம் வந்துசேர, 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஞானப்பாட்டுகளையும் அவர் அச்சிட்டார். வசனம் பாட்டின் வழியே அடுப்பங்கரை வரை சென்றது.

அச்சொற்கள் எவ்வளவு ஆழமாக இறங்கின என்பதற்குச் சான்று, 1820களில் எழுந்த சண்டை. மிஷனரி ரேனியஸ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது தஞ்சைக் கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஜெபித்துப் பழகிய வசனத்தை மாற்றுவது ஒருவர் கடவுளோடு பேசும் மொழியையே மாற்றுவதாகும். அந்த வலியைத்தான் அவர் எழுதினார் என்று கருதுகிறேன். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு இன்றும் பல சபைகளில் நிலைத்திருப்பதற்கும் அதுவே காரணம். பின்னால் வந்த திருத்தங்கள் புலமையில் உயர்ந்தவை. ஆயினும் முழங்காலில் நிற்கும்போது வாயில் வருவது பழைய வசனமே.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு ஓடைகளும் கலந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்தது. 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாட்டு ஏடு, மறைநூல் வாசிப்போடு மன்றாட்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று எல்லா விசுவாசிகளையும் அழைத்தது. 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் தமிழ்நாட்டிலும் பரவியபோது, கத்தோலிக்க வீடுகளில் வசனத்தைச் சொல்லி உரிமையோடு கேட்கும் செபம் நுழைந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995இல் வந்தது.

இக்காலத்தின் செல்வாக்கு மிக்க வழக்கம் வாக்குத்தத்த வசனம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வசன அட்டை எடுப்பதும், காலையில் கைப்பேசியில் வசனம் வருவதும் இன்று நமக்குப் பழகிவிட்டன. இதன் முன்னோடிகள் பழையவை: ஹாலே மரபினரான போகாட்ஸ்கியின் பொற்கருவூல நூல் 1718இல் வந்தது, மொராவியச் சபையாரின் அன்றாட வசன ஏடு 1731 முதல் அச்சாகிறது. பணிமுறை மாறி மாறி வரும் ஆலைத் தொழிலாளிக்கு ஒற்றை வசனம் நல்ல துணை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இழப்பும் உண்டு. ஆசீர்வாத வசனங்கள் மட்டுமே பொறுக்கப்படும்போது புலம்பல் மறைந்துவிடுகிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள்; எவ்வளவு காலம் ஆண்டவரே என்று கேட்பவை. வாக்குத்தத்த அட்டைகளில் அவை வருவது அரிது. இக்கரைக்கோ அவை இன்றியமையாதவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த எண்ணெய், அதே மாதம் 26ஆம் தேதி இரவில் எண்ணூர் மக்களைத் தெருவுக்கு விரட்டிய அம்மோனியாக் கசிவு: இவற்றுக்குப் பின்னும் செழிப்பின் வசனத்தை மட்டும் சொல்லித்தரும் ஜெபம் மீனவரின் நெஞ்சை முழுதாகச் சுமக்காது. கழுத்துவரை ஏறிய வெள்ளத்தில் கதறும் 69ஆம் சங்கீதமும், கப்பலேறித் தொழில் செய்வோர் புயலில் தத்தளிப்பதைப் பாடும் 107ஆம் சங்கீதமும் அவர்களுக்காகவே காத்திருக்கின்றன. தமிழ்க் கத்தோலிக்க மரபுக்குப் புலம்பல் அந்நியமும் இல்லை. இலங்கையில் ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் மக்களைக் கூடி அழச் செய்த நூல்.

இரு வேலைகள் உடனே நடக்க வேண்டும். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பங்குகளிலும் சபைகளிலும் உள்ள முதியோர் மனப்பாடமாய் வைத்திருக்கும் பழைய மந்திரங்களையும் சங்கீதங்களையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். குடும்ப ஜெபத்தில் வாரம் ஒரு முறையேனும் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள்.