மாம்பூவில் மூன்று பெயர்கள்

மாசி, பங்குனியில் ஜாதவ்பூரின் வீட்டுத்தோட்ட மாமரங்கள் பூக்கின்றன. பூங்கொத்தைத் தொட்டால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆப்பு வடிவப் பூச்சிகள் தெறித்துப் பறக்கும். இவையே மாவின் தத்துப்பூச்சிகள். சாற்றை உறிஞ்சி, இனிப்பான பிசுபிசுப்புக் கழிவை இலைகளில் விடுகின்றன, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது, பூ உதிர்கிறது.

இவற்றுள் மூன்று இனங்களுக்கு அறிவியல் பெயர் கிடைத்த இடமும் இதே நகரமே. 1889-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லெத்தியேரி, கல்கத்தாவின் ஆசியச் சங்க இதழில், இடியோசெரஸ் பேரினத்தின்கீழ் கிளைபியாலிஸ், நிவியோஸ்பார்சஸ், அட்கின்சோனி என்னும் மூன்றையும் விவரித்தார். இரண்டாவதன் பொருள் ‘பனி தூவியது’. மூன்றாவது, இமயமலை மாவட்டங்களின் கெசட்டியரைத் தொகுத்த குடிமைப்பணி அதிகாரி எட்வின் அட்கின்சனைச் சிறப்பிப்பது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘மாமரத்தில் வாழ்பவை’ என்னும் குறிப்பு இடம்பெற்றது. பெயர்களைவிட இக்குறிப்பே பயனுடையது எனலாம். பிடித்த ஊர் மட்டும் எழுதப்பட்ட மாதிரி, தன் வாழ்க்கையைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை.

எனினும் ஒரு செடியில் அமர்ந்திருப்பது வேறு, அதனை ஓம்புயிராகக் கொள்வது வேறு. வளர்ந்த பூச்சி எங்கும் பறந்து உட்காரும். முட்டை எந்தத் திசுவில் செருகப்படுகிறது, இளம்பூச்சி எதில் வளர்கிறது என்பதே சான்று. மாம்பூக்காம்பில் இவ்விரண்டும் நிகழ்கின்றன.

அடையாளம் காண்பதில் மற்றொரு இடர். முதுகின் முக்கோணத் தகட்டில் மூன்று புள்ளியும் இறகில் வெண்பட்டையும் இருந்தால் நிவியோஸ்பார்சஸ். இரண்டு புள்ளியுடன் உருவிற் பெரியது அட்கின்சோனி. உச்சியிலும் கரும்புள்ளிகள் கொண்ட சிறியது கிளைபியாலிஸ். கையேடுகள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. நிறம் மாறும், புள்ளி மங்கும். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அவ்வுறுப்பமைப்பை 1925-இலேயே விரிவாக ஆராய்ந்திருந்த ஹேம் சிங் புருதி, 1930-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில் மாவின் மற்றொரு தத்துப்பூச்சியான நாக்பூரென்சிஸைப் பிரித்துக் காட்டினார்.

பேரினப் பெயர்களும் நிலைக்கவில்லை. கிளைபியாலிஸ் இன்று இடியோஸ்கோபஸில், அட்கின்சோனி அம்ரிடோடஸில். லெத்தியேரியின் பெயர் அடைப்புக்குறிக்குள் சென்றது இந்த இடமாற்றத்தின் தடயம். அக்குறியைத் தேவையற்றதென நீக்கும் மெய்ப்புத் திருத்துநர் வரலாற்றையே நீக்குகிறார். நிவியோஸ்பார்சஸை, வாக்கர் முன்னரே சூட்டிய நிட்டிடுலஸ் என்னும் பெயரின்கீழ் ஆய்வாளர் பலர் வைக்கின்றனர். தமிழ்நாட்டு வேளாண் கையேடுகளில் பழைய பெயரே புழங்குகிறது. ஒரு பெயரை மட்டும் தேடும் மாணவருக்கு இந்தப் பூச்சியைப் பற்றிய பதிவுகளில் பாதி கண்ணில் படாமலே போகும்.