ஓமத்திலிருந்து தைமால்

ஐரோப்பியச் சமையலில் வாசனைக்குச் சேர்க்கப்படும் தைம் என்னும் மூலிகையின் எண்ணெயிலிருந்து, கற்பூரத்தை ஒத்த படிகம் ஒன்றை பெர்லின் அரண்மனை மருந்தாளர் காஸ்பர் நோய்மன் 1719இல் பிரித்தெடுத்தார். அதற்கு வாய்பாடு கண்டு தைமால் என்று பெயரிடும் பணியை 1853இல்தான் பிரான்சைச் சேர்ந்த லாலெமான் செய்து முடித்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், நம் அடுக்களை ஓமத்தின் எண்ணெயிலும் அதே பொருள் இருப்பதும், அதுவும் மிகுதியாக இருப்பதும் தெரியவந்தபோது, ஆய்வுக்கூடத்தின் அரும்பொருளாக இருந்த தைமால் ஒரு வணிகச் சரக்காக மாறியது.

பிரித்தெடுக்கும் முறை எளிமையானது, ஆனால் நுட்பமானது. நொறுக்கிய ஓமத்தினூடே நீராவியைச் செலுத்தி வடித்தால் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதி தைமாலாக இருப்பதால், அதைக் குளிரவைத்த அளவிலேயே ஒரு பகுதி படிகமாகப் படிந்துவிடும். எஞ்சியதை எரிசோடாக் கரைசலுடன் குலுக்கினால், பீனால் வகையைச் சேர்ந்த, அதாவது மென்மையான அமிலத்தன்மை கொண்ட தைமால் காரத்தோடு கூடி நீரில் கரைய, பிற எண்ணெய்கள் மேலே மிதந்து நிற்கும். கரைசலைத் தனியே வடித்து அமிலம் சேர்த்தால் தைமால் மீண்டும் வெளிப்படும். நுண்ணுயிரிகளின் செல் சவ்வைச் சிதைப்பதும், தன் ஹைட்ரஜனை ஈந்து எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தாமதப்படுத்துவதும், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதும், இதே பீனால் அமைப்பின் செயல்களே.

முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் செல்ல, உலகுக்கு வேண்டிய தைமாலில் பெரும்பங்கு அங்கேதான் உருவானது. விதை விளைந்த நாட்டுக்கு மூலப்பொருளின் விலை மட்டுமே கிடைத்தது என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. அப்பொருளின் தேவையோ சிறிதன்று: 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்பெல்லர் நிதியுடன் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணியில் தைமாலே முதன்மை மருந்து. அதை உட்கொள்வோர் எண்ணெயையும் மதுவையும் தவிர்க்குமாறு எச்சரிக்கப்பட்டனர், ஏனெனில் அவை குடலில் தங்க வேண்டிய மருந்தை இரத்தத்தில் கலக்கச் செய்து நஞ்சாக்கிவிடும்.

1914இல் போர் மூண்டு ஜெர்மனியின் வாயில் அடைபட்டதும் தைமாலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அதை இந்தியாவிலேயே தயாரிக்கும் முயற்சிகள் நடந்தன. வடிகலமும் சோடாவும் அமிலமும் இருந்தால் போதும் என்ற அளவிலான தொழில் அத்தனை காலம் கடல் கடந்தே நடந்ததற்குக் காரணம், அறிவுக் குறைவன்று, குடியேற்ற ஆட்சியின் வணிக ஒழுங்கே எனலாம். பின்னர் மெட்டா-கிரெசால் என்னும் வேதிப்பொருளிலிருந்து தைமாலைச் செயற்கையாக ஆக்கும் முறை வந்தபின், ஓம விதையை நம்பியிருந்த அந்தத் தொழில் தளர்ந்தது.