வழிகாட்டும் வானொலி அலை

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய நமக்கு, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று உறவினர் கேட்பது பழகிப்போன கேள்வி. கடலிற் செல்லும் கப்பலுக்கும் வானிற் பறக்கும் விமானத்திற்கும் அக்கேள்வி உயிர்க் கேள்வி. வானொலி அலை அதற்கு விடை கூறத் தொடங்கிய வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவிற்று. 83.6 கிலோ எடையுள்ள அக்கோள் வானொலிக் குறிகளை அனுப்பியவண்ணம் உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைபன்பாக் என்னும் விஞ்ஞானிகள் இருவர் அக்குறிகளைச் செவிமடுத்தனர். நம்மை நோக்கி விரைந்து வரும் இரயிலின் ஊதல் உச்சமாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாறுதல் வானொலி அலைக்கும் உண்டு. அதனை அளந்தே கோளின் பாதையை அவர்கள் கணித்துவிட்டனர்.

மறு ஆண்டில், அங்குப் பணியாற்றிய பிராங்க் மக்ளூர் இக்கணக்கையே திருப்பிப் போட்டார். நிற்குமிடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறது எனில், கோளின் பாதை தெரிந்தால் நிற்குமிடமும் தெரிய வேண்டுமன்றோ? இக்கருத்திலிருந்து பிறந்ததே டிரான்சிட் என்னும் அமைப்பு. 1960-இல் அதன் கோள் ஒன்று விண்ணை அடைந்தது. 1964 முதல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அது வழி காட்டிற்று.

அதன் பின் வந்தது ஜி.பி.எஸ். பல கோள்களின் அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு இடத்தை அறிவது அதன் முறை. அதுவும் படைத்துறைக்கென்றே தோன்றியது. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளியிற் புகுந்த தென்கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதே மாதத்தில், ஜி.பி.எஸ். பயணி விமானங்களுக்கும் பயன்படும் என அமெரிக்க அரசு அறிவித்தது. போருக்கெனப் பிறந்த கருவி பொதுமக்களைக் காக்கவும் முன்வந்தது. அதற்கு நாம் கொடுத்த விலையோ பெரிது.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. 2013 ஜூலை 1-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் வழிகாட்டும் கோள்களில் முதலாவது ஏவப்பட்டது. அவ்வமைப்பு 2016-இல் நாவிக் என்னும் பெயர் பெற்றது.

இன்று நம் வீட்டுச் சிறார் கைத்தொலைபேசியில் வழி பார்க்கின்றனர். அவர்களுக்கு அந்த இரயில் ஊதலின் கதையையும், மாண்ட அப்பயணிகளின் கதையையும் ஒருங்கே சொல்லி வைப்போமாக.