மலையேறிய இரு சிறு கார்கள்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் எப்போதாவது ஒரு மொரிஸ் மைனர் இன்றும் எதிர்ப்படுவதுண்டு. அதை முந்திச் செல்லப் பொறுமையின்றி ஒலியெழுப்பி வருவது பெரும்பாலும் ஒரு சுசுகி அல்டோவாக இருக்கும். இரண்டும் சிறிய கார்களே. ஆயினும் அவற்றுக்கிடையே மலையகத்தின் அரை நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1956இல் வந்த 'மைனர் 1000' காரின் இயந்திரம் 948 சீசீ. வலு 37 குதிரைவலு. அதன் முதலாம் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. கொண்டையூசி வளைவில் வேகம் குன்றினால் சாரதி கிளட்சை இருமுறை மிதித்தே கியரை இறக்க வேண்டும்; தவறினால் பற்சக்கரங்கள் அலறும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருக்கும். அதையறியாத காபரேற்றர் பெற்றோலை மிகையாக ஊற்ற, வண்டி திணறும். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிப் பிடி தளரும்.

இந்தியாவில் 2000இல் அறிமுகமான அல்டோவின் 796 சீசீ இயந்திரம் அதனினும் சிறியது. ஆனால் வலு கூடியது. காற்றுக்கேற்ப எரிபொருளை அளந்து விடும் மின்னணுக் கருவி, ஐந்து கியர்கள், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் ஆகியன அதற்குண்டு. இயந்திரத்தைக் குறுக்கே வைத்து முன்சில்லுகளை இயக்கும் அதன் அமைப்பை 1959இல் 'மினி' காரின் மூலம் புகழ்பெறச் செய்தவரும் இசிகோனிஸே என்பது வியப்பு. மைனருக்கு ஒரு பெருமை மட்டும் எஞ்சுகிறது: சில ஸ்பானர்கள் இருந்தால் ஊர் மெக்கானிக்கே அதைப் பழுதுபார்த்துவிடுவார். அதன் நீண்ட ஆயுளின் இரகசியம் அதுதான்.

ஆனால் எந்தக் கார் சிறந்தது என்பதைவிட, அதில் யார் அமர்ந்தார் என்பதே மலையகத்துக்குரிய கேள்வி. மைனர் உலகுக்கு அறிமுகமான அடுத்த மாதமே, 1948 நவம்பர் 15இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றோராக்கியது. துரைமாரின் பங்களா முற்றங்களில் கார்கள் நின்ற காலத்தில் லயத்து மக்கள் நடந்தார்கள். பிரசவ வேதனையுற்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது கொழுந்து லொறி. அதுவும் இல்லையெனில், கம்பளியில் தூளி கட்டிச் சுமந்த தோள்கள்.

குடியுரிமைக்கான போராட்டம் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீண்டது. அதற்குள் லயத்துப் பிள்ளைகள் பலர் படித்து ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் உயர்ந்திருந்தனர். அவர்களிற் சிலர் லீசிங்கில் வாங்கிய அல்டோ, தேயிலை மலைகளுக்கிடையே லயத்து வாசலுக்கு வந்து நின்றபோது, அதில் முதலில் ஏறியவர்கள் கொழுந்தெடுத்து அவர்களைப் படிக்கவைத்த தாய்மாரே.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய அல்டோவின் விலையும் எட்டாத உயரம் ஏறியது. 2025இல் தடை நீங்கியும் வரிச்சுமை குறையவில்லை. நாட்கூலியை நம்பி மலையேறும் தொழிலாளிக்கு அன்று மைனர் தொலைவில் நின்றது. இன்று அல்டோவும் தொலைவிலேயே நிற்கிறது. அவருடைய பிள்ளைக்கு மட்டும் அந்தத் தொலைவு சற்றுக் குறைந்திருக்கிறது.