கொற்கைக் கரையும் இலங்கையும்

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி கடலை நெருங்கும் இடத்தில் உள்ள சிற்றூர் கொற்கை. ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம், முத்துச் சந்தை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட, துறைமுகம் முதலில் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. இக்கட்டுரையில் கொற்கைக் கரை என்பது இம்மூன்று ஊர்களையும் உள்ளிட்டு வேம்பாறு முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையைக் குறிக்கும். எதிர்க்கரையில் மன்னார், சிலாபத்துறை, புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு. இடையே கிடக்கும் மன்னார் வளைகுடாவில் படையெடுப்பும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தலும் சேர்ந்தே நடந்தன. பகை தணிந்த காலங்களைப் பற்றி அரசர்களின் ஆவணங்கள் சொல்வது குறைவு; முத்துக் கணக்கு சொல்வது கூடுதல்.

தொடக்கக் காலம்

செங்கடல் செலவு எனப்படும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடு இத்துறையைக் கொல்கொய் என்று அழைக்கிறது; இங்கே முத்துக்குளிக்கக் கடலில் இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்றும் கூறுகிறது. தாலமியும் இப்பெயரைக் குறிக்கிறார். கொல்கொய் என்பது கொற்கையே என நிறுவி, இங்கு அகழ்ந்தும் பார்த்தவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது.

இலங்கையின் முதல் அரசனாக மகாவம்சம் சொல்லும் விசயன் மதுரைப் பாண்டியன் மகளை மணந்தான் என்றும், மாமனாருக்கு ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பொன் மதிப்புள்ள முத்து அனுப்பினான் என்றும் அந்நூல் கூறுகிறது. இதை வரலாறாகக் கொள்வோர் இன்று குறைவு. ஆயினும் இரு நாட்டுக்கும் இடையே போன சீர்வரிசை முத்தாகவே நினைவில் நின்றிருப்பது கவனிக்கத்தக்கது.

போரும் தூதும்

9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் இலங்கைமேல் படையெடுத்தான். அடுத்த தலைமுறையில் இலங்கை மன்னன் இரண்டாம் சேனனின் படை மதுரைக்குள் புகுந்து, இழந்ததை மீட்டுச் சென்றதாக மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் கூறுகிறது. பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடு தம் மன்னன் ஈழத்தை வென்றதைச் சொல்கிறது. மதுரை வீழ்ந்ததைச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் பாண்டிய நாட்டு அரியணைச் சண்டையில் தலையிட்டபோதும் இதே கதைதான். சூளவம்சத்தைப் படித்தால் இலங்கைக்கு வெற்றி. எதிர்த்தரப்பில் நின்ற சோழரின் கல்வெட்டைப் படித்தால் இலங்கைப் படைத்தலைவர்களின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டன. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம்.

இதற்கு நடுவே அடைக்கலமும் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் சோழரிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் முடியையும் குலச்சின்னங்களையும் இலங்கை மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். ஏறக்குறைய நூறாண்டு கழித்து முதலாம் இராசேந்திர சோழன் கைப்பற்றும் வரை அவை இலங்கையிலேயே காக்கப்பட்டன. பகைவன் வீட்டில் நூறாண்டு பத்திரமாக இருந்த மணிமுடி வேறு உண்டா என்பது தெரியவில்லை.

சமரசம் என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்தும் நிகழ்ச்சி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வருகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் படைத்தலைவன் இலங்கையில் இறங்கி, யாப்பகுவைக் கோட்டையிலிருந்து புத்தரின் புனிதப் பல்லைக் கவர்ந்து பாண்டியனிடம் சேர்த்தான். இலங்கையில் ஆளும் உரிமைக்கே அடையாளம் அந்தப் பல். பின்னர் பட்டம் ஏறிய மூன்றாம் பராக்கிரமபாகு படை திரட்டவில்லை. சில வீரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு தானே பாண்டியன் அவைக்கு வந்தான். நாள்தோறும் மன்னனிடம் பேசிப் பேசிப் பல்லைப் பெற்றுச் சென்றான் என்கிறது சூளவம்சம். இதைப் பணிந்துபோனது என்று எழுதுவோரும் அரசியல் நுட்பம் என்று எழுதுவோரும் உண்டு. என்ன பேசினார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பார்த்து எழுதியதும் இக்குலசேகரன் காலத்தில்தான்.

அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குச் செய்தி சொற்பம்.

போர்த்துக்கேயர் வருகை

1535 முதல் இக்கரைப் பரதவர் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் வந்தார். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற பலரை யாழ்ப்பாண மன்னன் 1544இல் கொல்வித்தான். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தபின் இக்கரைப் பரதவரில் ஒரு பகுதியினர் அங்கே குடியேற்றப்பட்டனர். 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒரே ஆண்டில் டச்சுக்காரர் வசமாயின.

முத்துச் சலாபம்

சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபம், சிலாபத்துறை ஆகிய இலங்கை ஊர்ப்பெயர்கள் இச்சொல்லின் வழி வந்தவை என்பது பரவலான கருத்து; சிங்களப் பெயருக்கு வேறு மூலம் காட்டுவோரும் உள்ளனர். கடலடிப் பாறைத்திட்டில் சிப்பி படியும் இடம் 'பார்'. இந்தியப் பக்கத்துப் பார்கள் தூத்துக்குடிக்கு எதிரே. இலங்கைப் பக்கத்தவை மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, மரிச்சுக்கட்டிக்கு எதிரே. சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. பல்லாண்டு வெறுமையாகக் கிடக்கும் பார் திடீரென நிறையும். இக்கரையில் விளையாத ஆண்டு அக்கரைக்கும், அங்கே விளையாத ஆண்டு இங்கேயும் ஆட்கள் போய்வந்தது அதனால்தான்.

டச்சு ஆவணங்களில் பங்குக்கு அலகு 'கல்'. குளியாள் காலை ஊன்றிக் கீழே இறங்கும் கல் அது. இத்தனை கல் வரியின்றி என்று ஒவ்வோர் அரசருக்கும் குறிக்கப்பட்டிருந்தது. மதுரை நாயக்கருக்கு 96½ கல். இராமநாதபுரம் சேதுபதிக்கும், பரதவரின் சாதித்தலைவருக்கும், கரையோர முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் கணக்கு. அந்த அரைக் கல்லுக்காக எத்தனை நாள் பேசியிருப்பார்களோ! ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த இத்தரப்பினர் அனைவரும் சலாபம் கூடியபோது ஒரே கரையில் கணக்கெழுத உட்கார்ந்தனர்.

வேலை நடந்த முறையை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் விரிவாகத் தருகின்றன. நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் படகுகள் புறப்படும். படகில் அதன் தலைவரான சம்மாட்டி, குளியாட்கள், கயிறு பிடிப்பவர்கள். குளியாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கி, ஒரு நிமிடம் போல மூச்சடக்கிச் சிப்பியை வாரிக் கூடையில் போடுவார்; கயிற்றை இழுத்தால் மேலே தூக்குவார்கள். சுறா அண்டாமல் மந்திரிக்கக் கரையில் ஒரு கடல்கட்டி இருப்பார். அவரில்லாமல் குளியாட்கள் இறங்குவதில்லை என்பதால் ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் மதிப்பு குறையவில்லை என்றும் இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னென்ட் எழுதிவைத்திருக்கிறார்.

சிப்பி ஏலம் போனபின் வேலி கட்டிய கொட்டிலில் குவித்து அழுகவிடுவர். ஈயும் நாற்றமும் ஊரை மூடும். அழுகலை அலசி எடுத்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் உண்டு. சல்லடைக்குப் பெயர் அதன் துளைகளின் எண்ணிக்கையே: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. இருபதில் தங்கும் முத்து பெரிது. ஆயிரத்தில் தங்குவது மணல் போன்றது. மஞ்சாடியில் நிறுத்து, 'செவ்வு' என்ற கணக்கால் விலை கட்டுவார்கள். இச்சல்லடைகளும் கணக்கும் இரு கரைக்கும் பொது. கொழும்பு வணிகரும் காயல்பட்டின வணிகரும் ஒரு முத்தின் தரத்தைப் பற்றிச் சண்டையிடலாம். எப்படி அளப்பது என்பதில் சண்டையில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இரு கரையும் ஒரே முடியின்கீழ் இருந்தும் நிர்வாகம் இரண்டு: இக்கரை சென்னை மாகாணம், அக்கரை 1802 முதல் தனிக் குடியேற்ற நாடு. இலங்கைப் பக்கம் 1905இல் நடந்த சலாபம் பதிவில் உள்ளவற்றுள் மிகப் பெரியது. ஏறத்தாழ 5,000 குளியாட்கள் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய். எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. அவர்களில் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் யாழ்ப்பாணத்தாரும் அரபியரும் இருந்தனர். மறு ஆண்டே பார்களை ஒரு லண்டன் நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது அரசு. 1907க்குப் பின் சிப்பி இல்லை, நிறுவனம் கலைந்தது. இக்கரைப் பார்களையும் சங்கையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் அக்கரையிலும் பணியாற்றியவர். இரண்டையும் ஒரே கடலாகப் பார்த்த அதிகாரிகள் அதிகமில்லை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர் சலாபம். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர்.

கப்பலும் தோணியும்

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை இலங்கை செல்லும் ரயில் பயணி தூத்துக்குடியில் இறங்கித்தான் கொழும்புக் கப்பல் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் பலரும் இவ்வழியே சென்றனர். வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் காலியா, லாவோ கப்பல்கள் ஓடியதும் இத்தடத்தில்தான். தோணிகளின் கதை வேறு. தூத்துக்குடித் தோணி கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவது நாடுகளின் உறவு எந்த நிலையில் இருந்தாலும் நெடுங்காலம் நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மட்டும் நின்றது. அவ்வுலகை நாவலாக்கியது ஜோ டி குரூஸின் 'கொற்கை'. அதற்கு 2013இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அக்கரையில் தங்கிவிட்ட பரதவர், இலங்கைக் குடிமதிப்பில் 'பரத' என்ற தனி இனமாகவே எண்ணப்படுகின்றனர்.

எல்லைகள், ஒப்பந்தங்கள்

1921இல் சென்னை, இலங்கை அதிகாரிகள் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஒரு கோடு வகுத்தனர். அது மீன்பிடி, முத்து, சங்கு ஆகியவற்றுக்கு மட்டுமான கோடா, நாட்டெல்லையா, அதற்கு மேலிடத்து ஒப்புதல் கிடைத்ததா என்பவை இன்றும் வாதத்துக்குரியவை.

விடுதலைக்குப் பின் முதல் காயம் குடியுரிமை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப்பாதியாகப் பகிரப்பட்டனர். இரு அரசுகளுக்கு இடையே சமரசம் என இதைப் போற்றியவர்கள் உண்டு. பிரிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை என்பதே மலையகத்தாரின் நீங்காத குறை. இலங்கையில் மீந்திருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது.

1974 ஜூன் உடன்பாட்டால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் விழுந்தது. மன்னார் வளைகுடாவின் எல்லை 1976 மார்ச் 23 உடன்பாட்டில் வகுக்கப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு வந்தது. அங்கே நெடுநாள் மீன்பிடித்த இலங்கையருக்கு ஈடாக, ஆறு கப்பல்கள் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல் மூன்றாண்டு பிடிக்க அனுமதி. டச்சுக்காரரின் கல் கணக்கை ஒத்த ஏற்பாடு இந்த ஒன்றுதான். அதற்கும் கெடு மூன்றாண்டு. கச்சத்தீவில் ஓய்வெடுக்கவும் வழிபடவும் 1974இல் ஏற்கப்பட்டது மீன்பிடி உரிமையையும் உள்ளடக்குமா, 1976 கடிதங்கள் அதை நீக்கிவிட்டனவா என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு.

அண்மைக் காலம்

1983 கலவரமும், 1987 ஜூலை உடன்பாடும், இந்திய அமைதிப்படையும், 1991இல் ராஜீவ் காந்தி கொலையும் தனிக் கட்டுரைகளுக்குரியவை.

இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டாண்டு கழித்து, 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மீண்டும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய பழைய கப்பல். அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் லிபியாவில் சிக்கிய இந்தியரை மீட்டு வந்திருந்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். வந்தவர்கள் அதில் சிறு பகுதி. அக்டோபரில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தாயகம் திரும்பிய ஈழ அகதிகளின் சிறு குழு ஒன்று மூட்டை முடிச்சுகளோடு அதில் ஏறியது. நவம்பரில் சேவை நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

இரு நாட்டு மீனவர் தாமே சந்தித்த 2004, 2010 பேச்சுகள் பெரும்பாலும் பாக் நீரிணை இழுவைப்படகுகளைப் பற்றியவை. தூத்துக்குடிப் பக்கத்துச் சிக்கல் சற்றே வேறு: இங்கே இரு தரப்பாரும் பல நாள் தங்கி ஆழ்கடலில் பிடிப்பவர்கள், இரு தரப்பாரும் எல்லை தாண்டுகிறார்கள். 2024 ஆகஸ்டில் தருவைகுளத்து மீனவர் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. இந்தியக் கடலோரக் காவல்படை பிடிக்கும் இலங்கைப் படகுகள் தூத்துக்குடிக்கும் தருவைகுளத்துக்கும் இழுத்து வரப்படுகின்றன.