தெற்கே போக வடக்கே

பெங்களூருவிலிருந்து கோவைக்கு வான்வழியில் ஏறக்குறைய 230 கிலோமீட்டர்தான். ஏறி இறங்க முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அல்சூர்க்காரனான எனக்கு 2008 வரை விமான நிலையமும் பக்கம். ஆட்டோ பிடித்தால் போதும். 1940இல் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய எச்.ஏ.எல். தொழிற்சாலையின் ஓடுபாதை அது. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 48 இருக்கை ஏ.டி.ஆர். விமானங்களை அங்கிருந்துதான் ஹூப்ளி, மங்களூரு என்று பறக்கவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் விசிறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது.

2008 மே மாதம் எல்லாம் தேவனஹள்ளிக்குப் போனது. கோவைக்குத் தெற்கே போகவேண்டியவன், திப்பு பிறந்த ஊரை நோக்கி வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போகிறேன். ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே! பறக்கும் நேரம் மாறவில்லை. தரையில்தான் நாள் கரைகிறது.

அருகில் இன்னொன்று கட்டலாமே என்றால், மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை கூடாது என்கிறது தேவனஹள்ளி நிலையத்துக்கான ஒப்பந்தம். அப்படியிருந்தும் அந்த எல்லைக்குள் உள்ள ஓசூரில் விமான நிலையம் வரும் என்று தமிழக அரசு 2024இல் அறிவித்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு அதுதான் பக்கம்.